சோழவரத்தில் எடுத்த படம்

சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா டிரங்க் ரஸ்தாவில் செங்குன்றத்தைத் தாண்டிச் சென்றால் சோழவரம் வந்துவிடும். ஊருக்குப் பெருமை அதன் ஏரி. சென்னைவாசிகளின் தாகம் தணிக்கும் ஏரிகளுள் அதுவும் ஒன்று. ஆனால் சென்ற மாதம் என் தாயாரும் நானும் அங்கே போனது ஏரியைப் பார்ப்பதற்காக அல்ல. ஒரு பழைய புகைப்படத்தின் பொருட்டே போனோம்.

படத்தில் என் பாட்டனார் ஒரு மோட்டார் வண்டியின் அருகே நிற்கிறார். வண்டியின் முன்கதவு திறந்திருக்கிறது. பக்கத்தில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இரு காதுகளையும் பொத்திக்கொண்டு நிற்கிறாள். படத்தின் பின்புறம் பென்சிலால் 'சோழவரம்' என்று எழுதியிருக்கிறது; வருஷம் இல்லை. அந்தச் சிறுமி, 1958-ல் விஷக் காய்ச்சலில் இறந்துபோன என் பெரியம்மா என்பது வீட்டாரின் நம்பிக்கை. என் தாயார் அதற்கு இரண்டு ஆண்டு கழித்துப் பிறந்தவர். கண்ணால் காணாத தமக்கைக்கு வருஷந்தோறும் அந்தப் படத்தின் முன் விளக்கேற்றிப் பூச்சரம் சாத்தி வந்தார்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது சோழவரத்தில் ஆகாய விமானங்களுக்காக ஓர் ஓடுபாதை அமைத்தார்கள். யுத்தம் ஓய்ந்த பின் அதற்கு வேறு உத்தியோகம் கிடைத்தது. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அங்கே மோட்டார் பந்தயங்கள் நடத்தினார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை ஏற்பட்ட பிறகு சோழவரத்தின் ஆரவாரம் அடங்கியது.

பழைய படத்தில் வண்டியை இனங்காண்பது, மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பது போன்ற வித்தை. முகப்பு, விளக்கு, கதவு, கைப்பிடி என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் நம் தேசத்திலேயே வண்டிகள் தயாராகி, அயல்நாட்டு வண்டிகளின் வரவு சுருங்கியது ஒரு சௌகரியம். வங்காளத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என்று ஒரு சில ஆலைகளின் வண்டிகளை அறிந்திருந்தால் பெரும்பாலும் போதும். மட்கார்டுகளோடு சேர்ந்து முன்புறம் முழுவதும் தூக்கிக்கொண்டு நின்றால் அது 1961-ல் இங்கே வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

எங்கள் படத்து வண்டி ஃபியட் 1100. 1954-ல் பம்பாயில் தயாராகத் தொடங்கிய பழைய வகையில் முன்கதவின் கீல் நடுத்தூணில் இருக்கும். கதவு பின்னோக்கித் திறக்கும். 1964-ல் வந்த 1100-டி வகையிலோ கீல் முன்பக்கத்துக்கு மாறிவிட்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கீல் முன்பக்கத்தில் இருந்தது!

வண்டி எத்தனை காலம் ஓடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே, படம் எந்த வருஷத்துக்குப் பிந்தியதல்ல என்று வண்டி சொல்லாது. எந்த வருஷத்துக்கு முந்தியதல்ல என்று மட்டுமே சொல்லும். அது போதுமானதாக இருந்தது. 1964-க்கு முன் இந்தப் படம் எடுத்திருக்க முடியாது. பெரியம்மாவோ 1958-ல் போய்விட்டார். அதன்பின் அந்த வீட்டில் இருந்த பெண் குழந்தை ஒன்றே ஒன்றுதான்.

உயிரோடிருப்பவரின் படத்துக்குப் பூச்சாத்தியதை எப்படிச் சொல்வது என்று பல நாள் தயங்கினேன். கடைசியில் சொல்லிவிட்டேன். அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஏதோ ஒரு பெரிய இரைச்சல் கேட்டு நான் அழுததும், அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டதும் நினைவிருக்கிறது. எந்த ஊர் என்றுதான் தெரியாமல் இருந்தது" என்றார்.

அந்த ஊரைப் பார்க்கத்தான் போனோம். ஏரிக்கரையில் காற்று வீசிற்று. தூரத்தில் லாரிகள் போகும் ஓசை கேட்டது. அம்மா சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "எனக்கு ஒரு படம் கிடைத்தது, அக்காவுக்கு இருந்த ஒன்றும் போய்விட்டதே!" என்றார்.

இந்த வருஷமும் பெரியம்மாவின் திதியன்று விளக்கேற்றினோம். படம் வைக்கவில்லை. பூச்சரத்தை விளக்குக்கே சுற்றிவிட்டார் அம்மா.