வாகனமும் ஏழு படிகளும்

காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 'வாகனம்' என்னும் சொல் முதலில் கோயிலைத்தான் நினைவூட்டும். அத்திகிரி அருளாளனாகிய வரதராஜப் பெருமாள் வைகாசிப் பிரம்மோற்சவத்தில் சிம்மம், அம்சம், சூரியப் பிரபை, கருடன், அனுமன், சேஷன், சந்திரப் பிரபை, யாளி, யானை, குதிரை என்று வெவ்வேறு வாகனங்களில் எழுந்தருள்கிறார். வாகனங்கள் மாறுகின்றன; எழுந்தருளும் பெருமாள் ஒருவரே. பொன் தகடு போர்த்திய வாகனமாயினும் அதன் உள்ளே இருப்பது மரம். அடியில் இருப்பது தண்டு. தண்டின் கீழே இருப்பது ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோள். வீதியில் நின்று சேவிக்கும் நம் கண்ணுக்குப் பொன் தெரிகிறது. சுமப்பவர்களோ தண்டையும் கயிற்றையுமே முதலில் பார்க்கிறார்கள்.

இன்று நம் குடும்பங்கள் கார் வாங்கும் முறையை எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்தத் தண்டு நினைவுக்கு வருகிறது. முன்பு திருத்தல யாத்திரை என்றால் பேருந்து, இரயில் அல்லது வாடகை வேன். இப்போது ஓரளவு வசதியுள்ள இல்லங்களில் 'எஸ்யூவி' எனப்படும் உயரமான குடும்ப வண்டியே விருப்பமாக இருக்கிறது. அவற்றுள் சில நம் மாவட்டத்திலேயே உருவாகின்றன. 1017ஆம் ஆண்டு ஸ்ரீராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் ஆலை 1998 முதல் கார்களைத் தயாரித்து வருகிறது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ – நிஸான் ஆலை தொடங்கப்பட்டது.

இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் க்ரெட்டா என்ற வண்டியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2024 ஜனவரியில் அதைப் புதுப்பித்து வெளியிட்டபோது இ, இஎக்ஸ், எஸ், எஸ் (ஓ), எஸ்எக்ஸ், எஸ்எக்ஸ் டெக், எஸ்எக்ஸ் (ஓ) என ஏழு படிகளில் அது கிடைத்தது. கடைக்காரர்கள் இந்தப் படிகளை 'வேரியன்ட்' என்பர். வெளியீட்டின்போது அறிவித்த தொடக்க விலை 10,99,900 ரூபாய். உச்ச விலை 19,99,900 ரூபாய். ஒரே பெயர், ஒரே நீளம், ஒரே கூடு. இடையில் ஒன்பது லட்சம் ரூபாய்! என்ஜினும் கியர் அமைப்பும் மாறுவதால் வரும் வேறுபாடும் இதில் அடக்கம். ஆயினும் எந்தப் படியில் நிற்பது என்பது ஒரு குடும்பத்துக்குச் சிறிய கேள்வி அன்று. பிற நிறுவனங்களின் வண்டிகளும் இவ்வாறே படிகளாகத்தான் விற்கப்படுகின்றன. எந்த நிறுவனத்துக்கும் பரிந்துரையாக இதை எழுதவில்லை. கேள்வியை எப்படி அணுகுவது என்பதே என் நோக்கம்.

எங்கள் இல்லத்தில் இந்தக் கேள்வி எழுந்ததற்குக் காரணம், எண்பத்தாறு வயதான என் தாயார். காஞ்சி கருட சேவையன்று கோபுர வாசலில் ஒரு கணம் பெருமாளைக் குடைகளால் மறைக்கும் வழக்கத்தை வாசகர்கள் அறிவார்கள். சோளிங்கபுரத்தில் வாழ்ந்த தொட்டாசாரியார் ஆண்டுதோறும் கருட சேவைக்கு வந்தவர். ஓராண்டு வர இயலாமல் உருகி நின்றபோது, பெருமாள் அந்த ஒரு கணத்தில் அங்கே சென்று அவருக்குக் காட்சி தந்தார் என்பது வரலாறு. இதைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தவர் என் தாயார். ஆனால் சோளிங்கபுரத்தில் கடிகாசல மலை மீது வீற்றிருக்கும் யோக நரசிம்மரை அவர் சேவித்ததில்லை. இளமையில் குடும்பப் பொறுப்பு. முதுமையில் 1,305 படிகள். 2024 மார்ச் மாதம் அங்கே ரோப்கார் இயங்கத் தொடங்கிய செய்தியைப் படித்த அன்றே, "இனி மலை ஒரு தடையில்லை, அதுவரைக்கும் போக ஒரு வண்டிதான் வேண்டும்" என்றார்.

வண்டியை ஓட்டப் போகிறவர் என் மருமகள். மகன் மஸ்கட்டில் பணிபுரிகிறான். இரண்டு ஆண்டுகளில் ஊர் திரும்பிவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். தாயார், நான், என் மனைவி, மருமகள், ஒன்பது வயதுப் பேரன் என ஐவர் பயணம் செய்வோம். தொலைபேசியில் மகன் சொன்னது ஒன்றே: "அப்பா, யோசிக்காதீர்கள், டாப் மாடலே எடுத்துவிடுங்கள். மீதியைக் கடனாகப் போட்டுக்கொள்ளலாம்."

நான் யோசித்தேன். பட்டுச் சேலை பார்த்துப் பழகிய ஊர்க்காரனுக்குத் தெரிந்த முறையிலேயே யோசித்தேன்.

நல்ல காஞ்சிப் பட்டை எடை போடுபவர்கள் மூன்றைப் பார்ப்பார்கள். முதலாவது உடல்: முறுக்கிய பட்டு நூலின் தரம். இரண்டாவது கோர்வை: உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து, ஒவ்வோர் இழையிலும் ஒன்றோடொன்று பூட்டும் வேலை. அதற்காகத் தறியில் நெசவாளரின் அருகே உதவியாளர் ஒருவரும் அமர்வதுண்டு. மூன்றாவது ஜரிகை: பட்டு இழையின் மீது வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. கடை விளக்கில் முதலில் மின்னுவது ஜரிகை. சேலையைத் தலைமுறை தாண்டிக் காப்பது உடலும் கோர்வையும். ஜரிகை வேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். வரிசை மாறக் கூடாது, அவ்வளவுதான்.

வண்டியில் 'உடல்' என்பது விபத்து நேர்ந்தால் உள்ளிருப்பவர்களைக் காப்பது. நான் சொன்ன 2024 வண்டியில் ஆறு ஏர்பேக்குகள், வண்டி சறுக்காமல் பிடித்து நிறுத்தும் மின்னணுக் கட்டுப்பாடு, நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக், ஐந்து இருக்கைகளுக்கும் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட் ஆகியவை முதல் படியிலிருந்தே தரப்பட்டன. எல்லா வண்டிகளிலும் இப்படி இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். விலைப்பட்டியலைக் கையில் வாங்கியதும், கடைசிப் பத்தியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், முதல் பத்தியில் என்ன இல்லை என்று பாருங்கள். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் சோதனை, மோதலில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கிடைக்கும் பாதுகாப்பைத் தனித்தனியே ஐந்து நட்சத்திரங்கள் வரை மதிப்பிடுகிறது. தாம் வாங்கும் வண்டிக்கு அந்த மதிப்பீடு உண்டா, எந்தப் படிகளுக்குப் பொருந்தும் என்று கேட்பது வாங்குபவரின் உரிமை.

'கோர்வை' என்பது வண்டிக்கும் அதில் அமர்பவருக்கும் உள்ள பொருத்தம். இதைப் பட்டியலைப் பார்த்து அறிய முடியாது. அமர்ந்து பார்க்க வேண்டும். ஷோரூமில் பெரும்பாலும் உச்சப் படி வண்டியையே விளக்கின் கீழ் நிறுத்தியிருப்பார்கள். நாங்கள் வாங்க எண்ணும் படியின் வண்டியையே காட்டும்படி கேட்டு, தாயாரை அழைத்துச் சென்றோம். விற்பனையாளரான இளைஞர் கூரைக் கண்ணாடியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். தாயாரோ, "ஏறும்போது பிடித்துக்கொள்ள எங்கேயப்பா கைப்பிடி?" என்று கேட்டார். பின் இருக்கையில் ஏற முழங்கால் மடங்கவில்லை. முன் இருக்கையில் இடுப்பைத் திருப்பி அமர முடிந்தது. எவ்வளவு உயரம் ஏற வேண்டும், கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது, நடுவில் அமர்பவருக்குத் தலைசாய்ப்பு உண்டா, பின்னால் இருப்பவர்களுக்குக் குளிர்காற்று வருகிறதா, மடித்த சக்கர நாற்காலி டிக்கியில் அடங்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அரை மணி நேரம் ஆயிற்று. அந்த இளைஞர் முகம் சுளிக்காமல் உடனிருந்தார்.

மூன்றாவது, ஜரிகை. அகன்ற கூரைக் கண்ணாடி, பெரிய திரை, இசைப் பெட்டி, பளபளக்கும் அலாய் சக்கரம் முதலியன. இவற்றை நான் இகழவில்லை. ஆனால் உச்சப் படிகளில் மட்டும் கிடைத்த ஒன்றை ஜரிகை என்று ஒதுக்கிவிட முடியாது. கேமராவும் ரேடாரும் சாலையைப் பார்த்து, முன்னால் மோதும் நிலை வந்தால் எச்சரித்து, தானே பிரேக் பிடிக்கும் அமைப்பு அது, 'அடாஸ்' என்பர். அந்த வண்டியில் எஸ்எக்ஸ் டெக், எஸ்எக்ஸ் (ஓ) ஆகிய இரு படிகளில்தான் அது இருந்தது. இரவில் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் நாள்தோறும் ஓட்டுபவருக்கு அது உற்ற துணை. மாடும் மிதிவண்டியும் சுவாமி புறப்பாடும் கலந்த எங்கள் ஊர்த் தெருக்களில் அதன் பயன் குறைவு. யார், எங்கே, எந்த நேரத்தில் ஓட்டப் போகிறார் என்பதைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும். என் மருமகள் பகலில் மட்டும் ஓட்டுபவர். எனவே நாங்கள் அதைத் தேவைப் பட்டியலில் சேர்க்கவில்லை. என் மகன் ஊரில் இருந்து நாள்தோறும் இரவில் அவன் ஓட்டுவதாக இருந்தால் வேறு விதமாக முடிவு செய்திருப்பேன்.

இனி, வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் ஒரு கணக்கு. மேல்படிக்கு ஒரு லட்சம் கூடுதல் என்றால் அது ஒரு லட்சத்தோடு நிற்பதில்லை. 2023 நவம்பரிலிருந்து தமிழகத்தில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள கார்களுக்கு ஆயுள் வரி 18 விழுக்காடு. 20 லட்சத்தைத் தாண்டினால் 20 விழுக்காடு. ஆகவே ஒரு லட்சம் 1,18,000 ஆகிறது. அதை 9 விழுக்காடு வட்டியில் 7 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 1,900 ரூபாய். கட்டி முடிக்கும்போது 1,59,000 ரூபாயைத் தாண்டிவிடும். காப்பீட்டுத் தொகையும் வண்டியின் மதிப்பை ஒட்டி உயரும். எங்கள் தேவைக்கு உரிய படிக்கும் உச்சப் படிக்கும் இடையே ஏறத்தாழ மூன்று லட்சம். அதாவது மாதம் 5,700 ரூபாய், ஏழு ஆண்டில் 4,78,000 ரூபாய்.

இந்தக் கணக்கை மகனுக்கு அனுப்பி, கீழே ஒரே ஒரு வரி எழுதினேன்: "நீ இரண்டு ஆண்டில் திரும்புவதாகச் சொன்னாய், இந்தக் கடன் ஏழு ஆண்டு." அன்றிரவு அவன் அழைத்தான். நெடுநேரம் வண்டியைப் பற்றிப் பேசவே இல்லை. பாட்டியின் முழங்கால், பையனின் பள்ளிக்கூடம் என்று எதையெதையோ கேட்டான். வைக்கும்போது, "உங்கள் கணக்குப்படியே செய்யுங்கள் அப்பா" என்றான்.

படிகளில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. அர்ச்சனைத் தட்டு வாங்கும்போது நமக்குப் பூ மட்டும் போதும் என்றாலும் தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரம் அனைத்தும் சேர்ந்தே வரும். விலையும் சேர்ந்தே இருக்கும். வண்டியின் படியும் அத்தகைய தட்டுதான். மருமகளுக்குத் தானியங்கி கியர் வேண்டும். அவர் விரும்பிய பெட்ரோல் என்ஜினில் அது எஸ் (ஓ) படியிலிருந்தே கிடைத்தது. அதே படியில்தான் நாங்கள் கேட்காத கூரைக் கண்ணாடியும் சேர்ந்து வந்தது. பேரனுக்கு அது பெருமகிழ்ச்சி. நமக்கு வேண்டிய ஒரு பொருள் எந்தத் தட்டில் முதலில் வருகிறதோ, அந்தத் தட்டோடு நிற்பது நல்லது. அதற்கு மேல் ஏறினால் ஏறுவதற்குத் தனியே ஒரு காரணம் வேண்டும்.

வண்டி வந்தது. சந்தனம் குங்குமம் இட்டு, மாலை சூட்டி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சை வைத்துப் பூசை செய்தோம். புறப்படும் வேளையில் தாயார் பெல்ட் போட மறுத்துவிட்டார். "மடிசார் கசங்குகிறது. எனக்கு எதற்கடா இது? பெருமாள் பார்த்துக்கொள்வார்" என்றார். ஆறு ஏர்பேக் இருந்தும் பெல்ட் இல்லையென்றால் அவை காப்பதற்குப் பதிலாகக் காயப்படுத்தவும் கூடும் என்று விளக்கினேன். பெல்ட் அணியாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்றேன். அவர் அசையவில்லை.

அப்போது மருமகள் மெல்லச் சொன்னார்: "அம்மா, கருட சேவையன்று பெருமாளை வாகனத்தில் எழுந்தருளப் பண்ணியதும் பட்டர்கள் என்ன செய்கிறார்கள்? கயிற்றால் இறுகக் கட்டிய பிறகுதானே தண்டைத் தூக்குகிறார்கள்?"

தாயார் சிறிது நேரம் அவரையே பார்த்தார். பிறகு, "பெருமாளே கட்டுண்டு வருகிறார் என்றால் நான் எம்மாத்திரம்? கட்டிவிடு" என்றார்.

அந்தக் கார்த்திகையில் சோளிங்கபுரம் சென்று வந்தோம். யோக நரசிம்மர் கண் திறந்து அருள்பாலிக்கும் மாதம் என்று பெரியோர் சொல்லும் கார்த்திகை. ரோப்காரில் ஏறி, எஞ்சிய சில படிகளைக் கைத்தாங்கலாகக் கடந்து, தாயார் கண்குளிரச் சேவித்தார். இப்போதெல்லாம் வண்டியில் அமர்ந்ததும் முதலில் பெல்ட்டை இழுத்து மாட்டுபவர் அவர்தான். பின்னால் திரும்பி, எங்கள் மூவரின் பெல்ட்டும் மாட்டியிருக்கிறதா என்று கேட்ட பிறகே மருமகளைப் புறப்படச் சொல்கிறார்.

வண்டி வாங்க எண்ணியிருக்கும் அன்பர்கள் விலைப்பட்டியலோடு வீட்டிலுள்ள மூத்தவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உடலைப் பாருங்கள்; கோர்வையைப் பாருங்கள்; மீதமிருந்தால் ஜரிகை. பூசை முடிந்து கற்பூரம் அணைந்ததும், எல்லோரும் பெல்ட் அணிந்த பிறகு வண்டியை எடுங்கள். அத்திகிரி வரதன் உடன் வருவான்.