நீர்வழியே ஒரு யாத்திரை: திருப்பூரிலிருந்து வைக்கம் வரை

திருப்பூருக்கு வடமேற்கே திருமுருகன்பூண்டியும், அதற்கப்பால் அவிநாசியும் அமைந்துள்ளன. இரண்டும் சுந்தரமூர்த்தி நாயனாரின் பதிகம் பெற்ற கொங்குத் தலங்கள். அவருடைய பயணங்களோடு பிணைந்த தலங்களும்கூட. கொடுங்கோளூரில் சேரமான் பெருமாள் நாயனாரின் விருந்தினராக இருந்துவிட்டு, அவர் அளித்த பொன்னோடும் பொருளோடும் திரும்பும் வழியில், முருகன்பூண்டி அருகே சிவபூதகணங்கள் வேடர் வடிவில் வந்து அனைத்தையும் பறித்துக்கொண்டன என்று பெரிய புராணம் கூறுகிறது. மீண்டும் அவர் மலைநாடு செல்லும்போதுதான், அவிநாசியில் முதலை விழுங்கிய பாலகன் உயிரோடு மீண்டான். எனவே, பாலக்காட்டுக் கணவாய் வழியே சேரநாடு செல்வது திருப்பூர் மக்களுக்குப் புதிய பாதையன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அடியார் நடந்த பாதை அது.

இன்று அப்பாதையில் ரயில் ஓடுகிறது. ஆயினும் பின்னலாடைத் தொழிலில் உழைக்கும் குடும்பம் ஒன்று அந்த ரயிலில் ஏறுவது எளிதாக நடப்பதில்லை. பனியன் கம்பெனிகளில் நாளைக் கணக்கிடுவது ஷிப்டால்தான். ஒன்றரை ஷிப்டு பார்த்தால்தான் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் கைகூடும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு விடுப்பு எடுத்த நாளில் கூலி இல்லை. கணவர் கட்டிங் மேசையிலும், மனைவி செக்கிங் பகுதியிலும் நிற்க, பிள்ளைகள் பாட்டியின் பொறுப்பில் வளர்கிறார்கள். ஒரே வீட்டில் இருந்தும் நால்வரும் ஐவரும் ஒருசேர அமர்ந்து உண்பது ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டுமே என்னும் இல்லங்கள் பல.

இத்தகைய குடும்பத்துக் குழந்தை ஒன்று, கப்பலில் போகவேண்டும் என்று கேட்டால் என்ன விடை கூறுவது? 2022 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல்களும் புறப்பட்டன. அவற்றின் கட்டணம் கூலிக் குடும்பத்தின் சேமிப்புக்கு எட்டாதது. வீட்டருகே நீர்நிலை உண்டா என்றால், நகரின் நடுவே செல்லும் நொய்யல், சாயக்கழிவினால் நெடுங்காலம் கால் நனைக்கவும் தகாத ஆறாகிவிட்டது. கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூட, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. லாரியிலும் குழாயிலும் மட்டுமே தண்ணீரைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, பரந்த நீர்ப்பரப்பைக் காட்டுவதே ஒரு பேறு. அந்தப் பேற்றை, தெய்வ தரிசனத்தோடு, சிறு செலவில் பெற ஒரு வழி இருக்கிறது. ஆலப்புழையும் வைக்கமும் அதன் இரு துறைகள்.

கயிற்றின் ஊர்

சென்னையிலிருந்து வரும் ஆலப்புழை விரைவு ரயில், விடியலுக்கு முன் திருப்பூரைக் கடந்து, முற்பகலில் ஆலப்புழையை அடைகிறது. திருப்பூர் நூலால் வாழ்வதுபோல ஆலப்புழை கயிற்றால் வாழ்ந்த ஊர். 1859-இல் ஜேம்ஸ் டாரா என்பவர் அங்கே கயிற்றுப் பாய்த் தொழிற்சாலை தொடங்கினார். அத்தொழிலின் சரக்குகள் ஊர்க் கால்வாய்களின் வழியே துறைமுகம் சென்றன. தறியும் இழையும் அறிந்த திருப்பூர்க் கண்களுக்கு அவ்வூர் அந்நியமாகத் தோன்றாது.

ஆலப்புழையிலிருந்து தெற்கே, பேருந்தில் அரைமணி நேரத் தொலைவில் அம்பலப்புழை கிருஷ்ணன் கோயில் உள்ளது. குஞ்சன் நம்பியார் துள்ளல் என்னும் கலையைத் தோற்றுவித்த இடமாகப் போற்றப்படுவது இத்தலமே. உச்சிப் பூசைக்குப் பின் நடை சாத்தப்படும் என்பதால், ரயிலை விட்டு இறங்கியதும் நேரே இங்கு வருதல் நலம்.

இக்கோயிலின் பால்பாயசம் உலகறிந்தது. அதன் பின்னால் ஒரு கதை வழங்குகிறது. சதுரங்கத்தில் வல்லவனான செம்பகசேரி மன்னனை, முனிவர் வடிவில் வந்த கண்ணன் ஆட்டத்துக்கு அழைத்தான். தான் வென்றால் முதல் கட்டத்துக்கு ஒரு நெல்மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்துத் தந்தால் போதும் என்றான். மன்னன் சிரித்தான், தோற்றான், அளக்கத் தொடங்கினான். பத்தாம் கட்டத்தில் 512 மணிகள். இருபத்தோராம் கட்டத்தில் பத்து லட்சத்தைத் தாண்டிற்று. அறுபத்து நான்காம் கட்டத்துக்கு நாட்டின் களஞ்சியமே போதவில்லை. கடனை நாள்தோறும் பாயசமாகச் செலுத்தினால் போதும் என்று கண்ணன் அருளினான் என்பர். கடனும் இப்படித்தான் வளரும், சேமிப்பும் இப்படித்தான் வளரும் என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்த இதனினும் இனிய பாடம் இல்லை. பாயசத்தின் சுவையோடு சேர்ந்து அது நினைவிலும் நிற்கும்.

இரண்டரை மணி நேரம்

ஆலப்புழையில் எங்கும் கண்ணில் படுபவை படகு வீடுகள். கெட்டுவள்ளம் என்று பெயர். முற்காலத்தில் நெல் ஏற்றிச் சென்ற பெரும் படகுகள் அவை. ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டப்பட்டவை. ஓர் இரவு தங்கப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். அவற்றைக் கரையிலிருந்து கண்டு மகிழ்ந்துவிட்டு, பேருந்து நிலையத்தை அடுத்துள்ள அரசுப் படகுத் துறைக்குச் செல்லவேண்டும்.

கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை 1968 முதல் இயங்கிவருகிறது. அதன் படகுகள் சுற்றுலாவுக்காக மட்டும் ஓடுவன அல்ல. பள்ளிப் பிள்ளைகளும், அலுவலகம் செல்வோரும், சந்தைப் பையோடு வரும் மூதாட்டிகளும் ஏறி இறங்கும் நீர்ப் பேருந்துகள் அவை. ஆலப்புழையிலிருந்து கோட்டயம் செல்லும் படகில் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பயணம். கட்டணமோ ஆளுக்குச் சில பத்து ரூபாய்களே. அதே காயல், அதே காற்று, அதே தென்னஞ்சோலை. படகு வீட்டில் செல்வோர் காண்பதில் பெரும்பகுதியை இந்த மரப்பலகை இருக்கையில் அமர்ந்தோரும் காண்கின்றனர்.

முதலில் வருவது புன்னமடை. 1952-இல் பிரதமர் நேரு வந்தபோது நடந்த பாம்புப் படகுப் போட்டியின் நினைவாக, ஆண்டுதோறும் நேரு கோப்பைப் பந்தயம் நிகழும் நீர்ப்பரப்பு இதுவே. அதனைக் கடந்தால் வேம்பநாட்டுக் காயல் விரிகிறது. பின்பு குட்டநாட்டின் வயல்கள். கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளையும் நிலம் இது. வரப்புகளுக்கு அப்பால் பச்சை வயல் தாழ்ந்து கிடக்க, படகு அதைவிட உயரத்தில் செல்லும். நீர் மேலே, நிலம் கீழே! பல்லடத்திலும் காங்கேயத்திலும் கிணற்றின் அடியில் நீர் தேடிய பாட்டிக்கு இக்காட்சியைக் காணும்போது கை தானாகக் குவியும்.

கைப்பேசிக்கும் கம்பெனிக் கணக்குக்கும் அங்கே வேலையில்லை. எதிர்க்காற்றில் பேச்சு குறைகிறது. பிறகு, வீட்டில் பேச நேரமில்லாத பேச்சுகள் மெல்லத் தொடங்குகின்றன. சொகுசுக் கப்பல்கள் பெரும் விலைக்கு விற்பதும் அடிப்படையில் இதைத்தான்: ஒரு குடும்பம், செய்வதற்கு வேலை ஏதுமின்றி, ஒருசேர அமர்ந்திருக்கும் சில மணி நேரம்.

ஒருநாளில் மூன்று சிவாலயங்கள்

அன்றிரவு கோட்டயத்தில் தங்கினால், மறுநாள் முழுதும் சிவ தரிசனத்துக்கு உரியது. கரன் என்னும் அசுரன் சிவபெருமானிடம் மூன்று லிங்கங்களைப் பெற்று, வலக்கையில் ஒன்றும், இடக்கையில் ஒன்றும், பற்களால் கவ்வி ஒன்றுமாகக் கொண்டுவந்தான் என்பது தலவரலாறு. வலக்கை லிங்கம் வைக்கத்திலும், இடக்கை லிங்கம் ஏற்றுமானூரிலும், வாயில் சுமந்த லிங்கம் கடுத்துருத்தியிலும் அமைந்தன. மூன்றையும் ஒரே நாளில் வழிபடுதல் பெரும்பேறு என்பது மலைநாட்டு நம்பிக்கை. கோட்டயத்திலிருந்து வடக்கே செல்லும் பேருந்துத் தடத்தில் முதலில் ஏற்றுமானூர், அடுத்துக் கடுத்துருத்தி, முடிவில் வைக்கம். அதிகாலையில் தொடங்கினால், நண்பகல் நடை சாத்துவதற்குள் முதலிரண்டையும் நிதானமாக முடிக்கலாம்.

ஏற்றுமானூரில் அணையாது எரியும் பெரிய விளக்கையும், கோபுரச் சுவரில் தீட்டப்பட்ட ஆடல்வல்லானின் ஓவியத்தையும் காணத் தவறலாகாது. இத்தலங்களில் ஆடவர் மேலாடை களைந்தே உள்ளே செல்லவேண்டும். உலகுக்கே பனியன் தைத்து அனுப்பும் ஊரார், பனியனைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு இறைவன் முன் நிற்பது இனிய காட்சிதான். முதலாளியும் தொழிலாளியும் அந்த வாயிலில் வேட்டி ஒன்றோடு சமமாகிவிடுகின்றனர்.

வைக்கத்தப்பனை அன்னதானப் பிரபு என்று அழைப்பர். இத்தலத்துக்கும் கொங்கு மண்ணுக்கும் மற்றொரு தொடர்பு உண்டு. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் நடக்கக்கூடாது என்ற தடை ஒரு காலத்தில் இருந்தது. அதனை எதிர்த்து 1924 மார்ச் 30 அன்று சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து சென்ற ஈ.வெ.ராமசாமி அங்கே இருமுறை சிறை சென்றார்; அவர் துணைவியார் நாகம்மையாரும் களத்தில் நின்றார். காங்கேயத்தை அடுத்த பரஞ்சேர்வழியில் பிறந்து, பிற்காலத்தில் திருப்பூரின் கதர்ப் பணிகளில் முன்னின்ற கோவை அய்யாமுத்துவும் அங்குச் சிறைப்பட்டவர். 1925 மார்ச்சில் காந்தியடிகள் வைக்கம் வந்து இறங்கியதும் படகில்தான். அவ்வாண்டின் இறுதியில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. 1936 நவம்பர் 12 அன்று வெளியான திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம், கோயில் கதவையே இந்துக்கள் அனைவருக்கும் திறந்தது.

பாட்டியும் பேரனும் இன்று பேருந்திலிருந்து இறங்கி, எவரையும் கேளாமல் நடந்து சன்னிதி சேரும் அந்தச் சிறு தொலைவு, எவரெவரோ சிறையிருந்து பெற்றுத் தந்தது. அதை அறிந்து நடப்பதும் வழிபாட்டின் பகுதியே.

கதிரவன் செலுத்தும் படகு

கோயிலிலிருந்து நடக்கும் தொலைவில் படகுத் துறை. அக்கரையில் தவணக்கடவு. இந்தியாவின் முதல் சூரியசக்திப் பயணியர் படகான ‘ஆதித்யா’, 2017 ஜனவரியில் இத்தடத்தில்தான் ஓடத் தொடங்கியது. 75 பேர் அமரலாம். டீசல் புகை இல்லை, இயந்திர இரைச்சல் இல்லை. நீர் விலகும் ஓசை மட்டுமே கேட்கும். கட்டணம் ஒரு தேநீரின் விலை அளவே. மாலை வெயிலில் காயலைக் கடந்து, தவணக்கடவிலிருந்து பேருந்தில் சேர்த்தலை சென்றால், அங்கிருந்தோ எர்ணாகுளத்திலிருந்தோ ஊர் திரும்ப ரயில் உண்டு.

செலவும் எச்சரிக்கையும்

சனிக்கிழமை சம்பளத்தில் வாரம் 100 ரூபாயைத் தனி உண்டியலில் இட்டுவந்தால் ஓராண்டில் 5,200 ரூபாய் சேரும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு, சாதாரணப் படுக்கை வகுப்பு ரயில், எளிய விடுதியில் ஓர் இரவு, பேருந்து, படகு, உணவு ஆகிய அனைத்தும் சிக்கனமாகச் சென்றால் ஏறக்குறைய அதற்குள் அடங்கும். இதில் பெரும்பங்கு ரயிலுக்கும் விடுதிக்குமே. படகுச் செலவே மிகக் குறைவு. ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. அன்றே பதிவு செய்தல் நன்று. மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதை மனத்தில் கொண்டு, பாட்டிக்கும் முழுக் கட்டணம் ஒதுக்கவேண்டும்.

தை மாதம் உகந்தது. பொங்கல் விடுமுறையும் இருக்கும், மழையும் ஓய்ந்திருக்கும், மகரவிளக்குக்குப் பின் சபரிமலைக் கூட்டமும் குறைந்திருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்க்கவேண்டும். கால்வாயின் நிலையைப் பொறுத்துக் கோட்டயம் படகு சில காலங்களில் காஞ்ஞிரம் வரை மட்டுமே செல்லும். அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். படகு நேரங்களைத் துறையில் முன்னதாகவே கேட்டறிக. குட்டநாட்டில் எங்கும் நீர்தான் எனினும் குடிநீர் அரிது. கையில் கொண்டு செல்க.

ஒன்றில் மட்டும் சிக்கனமும் அவசரமும் கூடாது. 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகம் நோக்கி வந்த பயணியர் படகு கவிழ்ந்து 29 பேர் உயிரிழந்தனர். படகில் நெரிசல் கண்டால் ஏறாமல், அடுத்த படகுக்குக் காத்திருக்கவேண்டும். குழந்தைகளை விளிம்பில் நிற்க விடலாகாது.

ஊர் திரும்பியபின், வரும் திங்கட்கிழமை மீண்டும் ஷிப்டு தொடங்கிவிடும். உண்டியல் வெறுமையாய் இருக்கும். அன்றிரவே அதில் முதல் பத்து ரூபாயைப் பிள்ளைகள் கையால் இடச் செய்யலாம். அம்பலப்புழைக் கண்ணனும் ஒரு நெல்மணியில்தான் தொடங்கினான்.