"திருப்தியா?" என்று கேட்டால் உண்மை வராது



நடப்பதிலும் பேசுவதிலும் பின்தங்கும் குழந்தைகளைச் சீக்கிரமே கண்டறிய, 2013-ல் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் வந்தது. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும். தேவைப்பட்டால் மாவட்ட மையத்துக்கு அனுப்பும். எத்தனை குழந்தைகளைப் பார்த்தார்கள் என்பதற்குக் கணக்கு உண்டு. பெற்றவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதை எப்படி அளப்பது?

அதற்கும் அளவுகோல் இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1990-களில் பெற்றோருக்காக 56 கேள்விகள் தயாரித்தார்கள். 2004-ல் அதை 20 ஆகச் சுருக்கினார்கள். பெயர் எம்.பி.ஓ.சி. பெற்றோர் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை எண் போட வேண்டும். "திருப்தியா?" என்று அதில் கேட்பதில்லை. விவரம் சொன்னார்களா, முடிவெடுக்கும்போது உங்களையும் சேர்த்துக்கொண்டார்களா, இவையெல்லாம் எந்த அளவுக்கு நடந்தன என்றுதான் கேட்கிறார்கள்.

இதன் அருமை ஆசிரியர்களுக்குத் தெரியும். கம்பைநல்லூர்ப் பக்கம் பெற்றோர் கூட்டத்தில் "குறை உண்டா?" என்றால், "எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க டீச்சர்" என்பார்கள். பிள்ளை நம்மிடம் படிக்கிறதே! "வீட்டுப்பாடத்தை யார் சொல்லித் தர்றாங்க?" என்றால்தான் உண்மை வரும்.

எங்கள் தெருவில் ஒரு தாய். மூன்று வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, வாரம் ஒருமுறை ஒரு பயிற்சி மையத்துக்குப் போய் வந்தாள்.

"நல்லாப் பாத்துக்கிறாங்க டீச்சர்" என்றாள்.

"வீட்ல என்ன செய்யச் சொன்னாங்க?"

மடித்த காகிதத்தை நீட்டினாள். முழுக்க ஆங்கிலம்.

"உனக்கு என்ன வேணும்னு கேட்டாங்களாம்மா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவன் தானா உக்காந்து சோறு திங்கணும் டீச்சர். நான் வேலைக்குப் போனா, மாமியாரால தூக்கி வெச்சு ஊட்ட முடியல. அதை யாரும் கேக்கல."

வாரத்துக்கு 168 மணி நேரம். மையத்தில் ஒரு மணி நேரம் போனால், மீதி 167 மணி நேரமும் குழந்தை வீட்டில்தான். அந்த வீட்டுக்கு என்ன தேவை என்று கேட்காமல் கொடுக்கும் பயிற்சி எப்படி நிற்கும்? சென்னையில் 1989-ல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையத்தில் குழந்தையோடு தாயும் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார். நம் மாநிலத்திலேயே முடிகிற காரியம்தான் இது.

கேட்பவர் மையத்து ஆளாக இருக்கக் கூடாது. இருந்தால் மறுபடியும் "எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்ற பதில்தான் வரும். ஊருக்கு ஊர் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறோம். தமிழில் 20 கேள்விகளைக் கையில் கொடுத்தால், வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதித் தர நாங்கள் தயார். வாக்காளர் பட்டியலுக்கும் மக்கள்தொகைக் கணக்குக்கும் நடந்த கால்கள்தானே!