ஒரு மூச்சளவு

டிசம்பர் மாதம். மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், டெய்னுல்ட் கிராமத்தைத் தாண்டி, லாக் எட்டிவின் கரையோரப் பாதையில் நானும் நண்பரும் நடந்துகொண்டிருந்தோம். அவர் தோளில் இரண்டு தூண்டில் கோல்களும் மூன்று கால் தாங்கியும். என் கையில் இரைப்பெட்டியும் தேநீர்க் குடுவையும்.

இந்த ஊரில் ஏரியையும் 'லாக்' என்பார்கள், நிலத்துக்குள் நுழைந்துவிட்ட கடலையும் 'லாக்' என்பார்கள். எட்டிவ் கடல். பழங்காலப் பனியாறு குடைந்துபோட்ட பள்ளத்தாக்கில் உப்புநீர் புகுந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உள்ளே போகிறது. உட்பகுதியில் 100 மீட்டருக்கும் அதிக ஆழம். ஆனால் அதன் வாசல் குறுகல். அங்கே நீருக்கடியில் பாறைப்படி ஒன்று கிடக்கிறது. 1903-ல் ரயிலுக்காகக் கட்டிய கானல் பாலத்தின் கீழே, பெரிய வற்றத்தின்போது வெளிக்கடல் சட்டென்று தாழ்ந்துவிட, உள்ளே தேங்கிய நீர் அந்தப் படியின்மேல் அருவிபோல இரைந்து பாய்கிறது. அந்த வாசல் நெருக்கத்தால், வெளியே ஏற்றம் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே ஏற்றம் முடியும். வெளியே உள்ள ஓபன் துறைமுகத்தின் ஏற்ற வற்ற அட்டவணையை மட்டும் நம்பி வருகிறவர் இங்கே நேரத்தைத் தவறவிடுவார்.

நண்பருக்கு அட்டவணை தேவைப்படவில்லை. இந்த லாக்கின் சிப்பிப் பண்ணையில் பல ஆண்டுகள் கயிறு இழுத்தவர். கரைப்பாறையில் பாசி எதுவரை நனைந்திருக்கிறது என்று விளக்கடித்துப் பார்த்தார். "இன்னும் ஒரு மணி நேரம் ஏறும். அதற்குள் தயாராகிவிடலாம்" என்றார்.

அவர் இரை கட்டியதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். கோடையில் பிடித்து உறையவைத்த கானாங்கெளுத்தியைத் துண்டுபோட்டு, அதன்மேல் கணவாய்ப் பட்டையைச் சுற்றி, மயிரிழை போன்ற ரப்பர் நூலால் இறுக்கி வரிந்தார். வீசும் வேகத்தில் இரை கழன்று பறக்காமலிருக்க அந்த வரிச்சல். முள்ளுக்கு மேலே ஒரு முழம் கம்பி வடம், இங்கே வரும் மீனின் பல் நைலான் இழையை அறுத்துவிடும் என்பதால். ஈயக்குண்டைக் கட்டியதோ வேண்டுமென்றே பலம் குறைந்த நூலில். குண்டு பாறையில் சிக்கினால் அந்த நூல் மட்டும் அறும். முள்ளில் மாட்டிய மீன் குண்டோடு கட்டுண்டு அடியில் கிடந்து சாகாது. முள் வட்டமாக வளைந்தது, அதன் எதிர்க்கொக்கி நசுக்கப்பட்டது. மீன் விழுங்கினாலும் வயிற்றில் தைக்காமல் வாயோரத்தில் வந்து மாட்டும், கழற்றுவதும் எளிது.

ஒவ்வொரு முடிச்சிலும் மீன் தப்பாமலிருக்க ஒரு யோசனையும், மீன் பிழைக்க ஒரு யோசனையும் சேர்ந்தே இருந்தன.

நாங்கள் காத்திருந்தது ஸ்பர்டாக் என்னும் சிறு சுறாவுக்காக. முதுகுத் துடுப்புகள் இரண்டுக்கும் முன்னால் தலா ஒரு நச்சு முள் உண்டு. முட்டையிடாமல் குட்டி போடும். தாய் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சுமக்கிறது. யானையின் சூல்காலத்துக்கு ஈடானது அது. இவ்வளவு நிதானமாகப் பெருகும் உயிரைக் கப்பல் கப்பலாக அள்ளினால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் பொரித்த மீன் கடைகளில் 'ராக் சால்மன்' என்ற பெயரில் விற்று விற்று, வடகிழக்கு அட்லாண்டிக்கில் இனமே அழியும் நிலைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010-ல் இதன் பிடி ஒதுக்கீட்டைப் பூஜ்யமாக்கியது. எண்ணிக்கை தேறிய பிறகு 2023-ல் மீண்டும் அனுமதி வந்தபோது, ஒரு மீட்டருக்கு மேல் நீளமானவற்றைக் கரைசேர்க்கக் கூடாது என்று விதித்தார்கள். சிறியதை விடு, பெரியதை எடு என்பதுதான் வழக்கமான மீன்பிடி நியாயம். இங்கே அது தலைகீழ். பெரியவை எல்லாம் தாய்கள்.

இந்தச் சுறாக்களில் சில குளிர்காலத்தை இந்த லாக்கிலேயே கழிக்கின்றன என்று 2015-ல் ஓர் ஆய்வு காட்டியது. குறி பொருத்தி விடப்பட்ட மீன்கள் சொன்ன சேதி அது. ஸ்காட்லாந்தின் தூண்டில்காரர்களும் பல ஆண்டுகளாக எண் பொறித்த வில்லையைத் துடுப்பில் மாட்டிச் சுறாக்களை விட்டுவருகிறார்கள். உயிரோடு திரும்பிப் போன மீன்தான் மறுபடி வந்து சாட்சி சொல்ல முடியும்.

ஏழு மணிக்கு மேல் இடது கோலின் நுனி இரண்டு முறை தலையாட்டி நின்றது. நண்பர் வெட்டி இழுக்கவில்லை. தங்கூசி இழை மெல்ல இறுகும்வரை பொறுத்து, பிறகு நிதானமாகச் சுற்றினார். விளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிந்தவை பச்சையாக மின்னிய கண்கள். பிறகு சாம்பல் உடல், பக்கவாட்டில் வெள்ளைப் புள்ளிகள். வயிறு பருத்திருந்தது.

"சினை" என்றார். குரல் தாழ்ந்துவிட்டது.

முழங்கால் அளவு நீரில் இறங்கி, என்னையும் இறங்கச் சொன்னார். ஒரு கை தலைக்குப் பின்னால், மறு கை வாலுக்கு முன்னால். வாலைப் பிடித்துத் தொங்கவிட்டால் உள்ளிருக்கும் குட்டிகளின் பாரமே தாயைச் சிதைத்துவிடும் என்றார். உடலை வில்லாக வளைத்து முதுகுமுள்ளால் குத்தப் பார்க்கும், அதற்கு இடம் கொடுக்காமல் பிடிக்க வேண்டும். அவருடைய வலது கைப் பெருவிரலடியில் பழைய தழும்பு ஒன்று இருந்தது. முள்ளைக் கழற்றி முடித்தபோது, ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டேன்.

"தூக்கு. ஆனால் தூக்கும்போது நீயும் மூச்சைப் பிடித்துக்கொள். உனக்கு எப்போது மூச்சு வேண்டுமோ அப்போது அதற்கும் வேண்டும்."

பிடித்துக்கொண்டேன். உப்புத்தாள் போன்ற தோல் உள்ளங்கையை உரசியது. கை நீரின் குளிரில் மரத்திருந்தாலும், வயிற்றுக்குள் ஏதோ ஒன்று அசைந்ததை உணர்ந்தேன். நண்பர் படமெடுக்கக் கைப்பேசியை உயர்த்துவதற்குள் என் நெஞ்சு முட்டியது. படம் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நீரில் இறக்கினேன். செவுள்கள் திறந்து மூடின. சற்று நேரம் என் விரல்களுக்கிடையிலேயே இருந்தது. பிறகு வாலை ஒரு வீச்சு வீசிவிட்டு ஆழத்துக்குள் போனது.

அப்புறம்தான் நான் மூச்சு வாங்கினேன்.