பின்விளக்கு

விளக்குகள் இருவகைப்படும். வழியைக் காட்டும் விளக்கு ஒருவகை. தன் இருப்பைப் பிறருக்குக் காட்டும் விளக்கு மற்றொருவகை. வண்டியின் முன்விளக்கு, ஓட்டுபவருக்கு வழியைக் காட்டுகிறது. பின்விளக்கோ அவருக்கு எவ்வகையிலும் பயன்படுவதில்லை. அது எரிகிறதா, அணைந்துள்ளதா என்பதைக்கூட இருக்கையில் அமர்ந்திருக்கும் அவரால் காண இயலாது. பின்னால் வரும் முகமறியாத ஒருவருக்காகவே அது எரிகிறது.

இவ்வாறு பிறருக்காக விளக்கேற்றும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. கடற்கரையில் உயர்ந்த மாடத்தின் மேல் இரவில் ஏற்றப்பட்ட சுடரைப் பற்றிச் சங்க நூலாகிய பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. அந்தச் சுடரைக் கண்டு கடலில் செல்லும் கலங்கள் கரையை அறிந்தன. விளக்கை ஏற்றியவர் கரையில் இருந்தார். அதனால் பயன் பெற்றவர் கடலில் இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் கண்டிருக்கவும் மாட்டார்கள்.

கடலில் ஓடும் நாவாய் நிலத்தில் ஓடாது என்பதை வள்ளுவர் இடனறிதல் அதிகாரத்தில் எடுத்துக்காட்டாகக் கூறியுள்ளார். இன்றும் அது உண்மையே. ஆகவே படகை நிலத்தின் வழியாகக் கொண்டுசெல்ல வேண்டுமானால், அதற்கென அமைந்த இழுவண்டியில் ஏற்ற வேண்டும். பட்டறை வழக்கில் அதற்கு டிரெய்லர் என்று பெயர். டிரெய்லருக்குச் சொந்தமாக இயந்திரம் இல்லை, பேட்டரியும் இல்லை. இழுத்துச் செல்லும் வண்டியிடமிருந்தே அது தன் ஒளியைக் கடனாகப் பெறுகிறது. முன்வண்டியின் பின்விளக்குகளைப் படகு மறைத்துவிடுவதால், டிரெய்லரின் விளக்குகளே அந்த இரண்டு வண்டிகளுக்கும் பொதுவான பின்விளக்குகள் ஆகின்றன. அவை அணைந்துபோனால், இருட்டில் நீண்டதோர் இரும்புச் சட்டம் யார் கண்ணுக்கும் தெரியாமல் சாலையில் நகர்ந்துகொண்டிருக்கும். அதன் மீது பின்னால் வரும் வண்டி மோதினால் உயிர்கள் போகும். மற்றொரு வகையிலும் டிரெய்லர் தனித்தன்மை உடையது. படகை இறக்கும்போது அதன் பின்பகுதி உப்புநீரில் மூழ்குகிறது. சாலையில் செல்லும் வேறெந்த வண்டியின் விளக்கும் இவ்வளவு அடிக்கடி கடலில் குளிப்பதில்லை.

கோவா மாநிலத்தின் வாஸ்கோ ட காமா நகரில் ஒரு தமிழர் வாகன மின்பழுது பார்க்கும் தொழில் செய்துவருகிறார். தூத்துக்குடியில் தொழில் கற்று, இளமையிலேயே மேற்குக் கரைக்கு வந்தவர். எட்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள், விடுமுறை நாள்களில் பட்டறைக்கு வந்து உதவுவாள். மேற்குக் கரையில் சூன், சூலை மாதங்களில் இயந்திரப் படகுகள் மீன் பிடிக்கச் செல்வதற்குத் தடை உண்டு. படகுகள் கரையேறி இருக்கும் அந்த மழைக்காலத்தில் அவருடைய பட்டறையில் கடல்சார்ந்த வேலைகள் மிகுதி.

அத்தகைய ஒரு நாளில், பிற்பகல் மூன்று மணி அளவில், ஒருவர் ஜீப்பில் ஒரு டிரெய்லரை இழுத்துவந்தார். அதன் மேல் ஒரு கண்ணாடியிழைப் படகு இருந்தது. அதனை அன்மோட் மலைப்பாதை வழியாக, கர்நாடகத்தில் காளி ஆற்றின் சூபா அணைப் பகுதிக்கு அன்றே கொண்டுசெல்ல வேண்டும் என்றார். பிரேக்கை மிதித்தால் டிரெய்லரின் வலப்புற விளக்கு பாதியளவே எரிந்தது. இடப்புற விளக்கு எரியவில்லை. குழியில் சக்கரம் இறங்கி ஏறும்போது மட்டும் மங்கலாக மினுங்கி அணைந்தது. அதே வகையைச் சேர்ந்த இரண்டு புதிய எல்.இ.டி. விளக்குகளை அவர் கையோடு வாங்கி வந்திருந்தார்.

"இவற்றை மாட்டிக்கொடுத்தால் போதும். அதற்கும் நேரம் ஆகுமென்றால், இரண்டு சிவப்புப் பட்டைகளை ஒட்டிவிடுங்கள். இருட்டுவதற்குள் மலையைக் கடந்துவிடுவேன்" என்று இந்தியில் கூறினார்.

"பட்டை தானாக ஒளி தராது. பின்வண்டியின் வெளிச்சம் பட்டால்தான் மின்னும். நீங்கள் நிற்கப்போகிறீர்களா, திரும்பப்போகிறீர்களா என்பதை அது சொல்லாது. சிறிது நேரம் பொறுங்கள்" என்றார் பட்டறைக்காரர். வந்தவர் முகத்தைச் சுளித்தபடி ஒரு பழைய டயரின் மேல் அமர்ந்தார்.

பட்டறைக்காரர் புதிய விளக்குகளைத் தொடவில்லை. முதலில் டிரெய்லரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஜீப்பின் பின்புறம் உள்ள சாக்கெட்டைச் சோதித்தார். சோதனை விளக்கின் ஒரு முனையை எர்த்தில் கவ்வவிட்டு, மறுமுனையால் ஒவ்வொரு துளையாகத் தொட்டார். மகள் ஜீப்பில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்லப் பிரேக்கை மிதித்தாள்; இண்டிகேட்டரை இடமும் வலமும் திருப்பினாள். ஒவ்வொரு முறையும் சோதனை விளக்கு ஒழுங்காக எரிந்தது. ஜீப்பில் குறையில்லை என்பது அதனால் உறுதியாயிற்று. குறை டிரெய்லரில் உள்ளது.

அடுத்து, பழைய விளக்குகள் இரண்டையும் கழற்றி, மேசைமீது இருந்த 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாக இணைத்தார். மகள் வியப்படைந்தாள். சாலையில் எரியாத இடப்புற விளக்கு, மேசையில் முழுமையாக எரிந்தது. வலப்புற விளக்கோ இங்கும் பாதியே எரிந்தது.

"அப்பா, எரியாத விளக்குத்தான் நல்ல விளக்கா?" என்று கேட்டாள்.

"ஆமாம் அம்மா. விளக்கைக் குறை சொல்வதற்கு முன்னால், அதற்கு வந்து சேர வேண்டியது வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்" என்றார்.

வலப்புற விளக்கின் குறை எளிதில் விளங்கியது. அதன் மூடியின் ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது. உள்ளே உப்புநீர் புகுந்து, செப்பு இணைப்புகளில் பச்சைநிறக் களிம்பு ஏறியிருந்தது. சிவப்பு எல்.இ.டி. ஒன்றிற்கு ஏறத்தாழ 2 வோல்ட் அழுத்தமே தேவை. ஆகையால் சிலவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்து, அவற்றோடு ஒரு மின்தடையையும் சேர்த்து 12 வோல்ட்டில் எரியச் செய்கிறார்கள். அந்தத் தொடரில் ஓரிடத்தில் இணைப்பு அறுந்தாலும் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். பாதி விளக்கு இருண்டதற்கு அதுவே காரணம்.

இடப்புறத்துக் குறையைக் கண்டறிய அவர் ஒரு நீண்ட கம்பியை எடுத்தார். விளக்கை அதன் இடத்தில் மீண்டும் இணைத்து, ஜீப் பேட்டரியின் எதிர்முனையிலிருந்து அந்தக் கம்பியை விளக்கின் வெள்ளைக் கம்பிக்குத் தனியாகக் கொண்டுவந்தார். மகள் பிரேக்கை மிதித்தாள். விளக்குப் பளிச்சென்று எரிந்தது. கம்பியை எடுத்தார்; அணைந்தது.

மின்னழுத்தம் விளக்குவரை வந்துகொண்டுதான் இருந்தது. திரும்பி வரும் வழி மட்டுமே அடைபட்டிருந்தது. வெள்ளைக் கம்பி, டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட்டினால் பிணைக்கப்பட்டிருந்தது. அந்தச் சட்டமே எர்த், அதாவது மின்னோட்டம் திரும்பும் பாதை. போல்ட்டைச் சுற்றிலும் துரு செதில் செதிலாக எழும்பியிருந்தது.

"போன மின்சாரம் திரும்பி வந்தே ஆக வேண்டுமா, அப்பா?"

"வந்தே ஆக வேண்டும். திரும்பி வர வழி இல்லையென்றால் அது புறப்படுவதே இல்லை."

மகள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பின்பு உப்புத்தாளை எடுத்து, போல்ட் இருந்த இடத்தை இரும்பின் வெண்மை தெரியும்வரை தேய்த்தாள். துருவின் மேலும் வண்ணப்பூச்சின் மேலும் மின்சாரம் சரியாகப் பாயாது என்பதைத் தந்தை விளக்கினார். புதிய வளைய முனையைக் கம்பியில் பொருத்தி, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் பூசினார். அத்துடன் நிறுத்தாமல், இரண்டு விளக்குகளிலிருந்தும் இணைப்பு முனைவரை எர்த்துக்கென ஒரு தனிக் கம்பியையும் இழுத்தார். சட்டம் மீண்டும் துருப்பிடித்தாலும் மின்சாரம் அந்தக் கம்பி வழியாகத் திரும்பும்.

கம்பிகளை முறுக்கி நாடா சுற்றும் எளிய வழியை அவர் மேற்கொள்ளவில்லை. நீர் நாடாவின் இடுக்கில் புகுந்து, செப்பு இழைகளின் ஊடே மெல்ல ஏறிச் செல்லும்; வெளியே தெரியாமல் உள்ளே அரிக்கும். எனவே ஒவ்வோர் இணைப்பையும் ஈயப்பற்று வைத்து இணைத்து, பசையுள்ள சுருங்கு குழாயை மாட்டிச் சூடேற்றினார். குழாய் சுருங்கி, கம்பியை இறுகப் பற்றிக்கொண்டது. வலப்புறத்தில் புதிய விளக்கைப் பொருத்தினார். அதன் முதுகில் ஐ.பி. 67 என்ற குறியீடு இருந்தது. தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் மூழ்கினாலும் நீர் புகாது என்பது அதன் பொருள். மற்றொரு புதிய விளக்கை உரையோடு உரிமையாளரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது தேவைப்படவில்லை. கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். படகை நீரில் இறக்கும் முன் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். மின்சாரம் ஓடும் கம்பியை உப்புநீர் விரைந்து அரிக்கும். இன்னொன்று, இந்த டிரெய்லரை லாரியில் பூட்டாதீர்கள். பெரிய லாரிகளில் 24 வோல்ட் இருக்கும். 12 வோல்ட் விளக்கு அதைத் தாங்காது."

வேலை முடிந்தது. ஆனால் சோதனை முடியவில்லை. பட்டறைக்காரர் ஜீப்பில் அமர்ந்துகொண்டு, உரிமையாளரை முப்பது அடி பின்னால் சென்று நிற்கச் சொன்னார். மழை தூறிக்கொண்டிருந்தது, மேகம் கவிந்து ஒளி குறைந்திருந்தது. இடப்புறம் மின்னியது, வலப்புறம் மின்னியது, பிரேக்கை மிதித்தபோது இரண்டும் ஒருசேரச் செந்நிறமாக ஒளிர்ந்தன. பத்து ஆண்டுகளாகப் படகு ஏற்றிச் செல்லும் அந்த மனிதர், தம் வண்டி பின்னால் வருபவர் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்பதை அன்றுதான் முதன்முதலாக நின்று பார்த்தார். கேட்ட கூலியைக் கொடுத்தார். இரவில் மலைப்பாதையில் மூடுபனி இருக்குமென்று தாமே கூறி, வண்டியைப் பட்டறை வாயிலில் நிறுத்திவிட்டு, விடியற்காலையில் வந்து எடுத்துச் சென்றார்.

இன்று எங்கும் காணப்படும் இந்தச் சிறிய எல்.இ.டி.க்கு நீண்ட வரலாறு இல்லை. கண்ணுக்குத் தெரியும் செந்நிற ஒளியை உமிழும் டையோடை 1962ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலர் நிக் ஹோலோனியாக் உருவாக்கினார். நீலநிற எல்.இ.டி.யை உருவாக்கியமைக்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவர் 2014ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். பழைய குமிழ் விளக்கின் இழை சூடேறி ஒளிர ஒரு நொடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும், எல்.இ.டி. உடனடியாக ஒளிரும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த நேரத்திற்குள் மூன்று மீட்டருக்கும் மேல் கடந்துவிடும். ஒரு மனிதர் உயிர் பிழைக்க அந்த மூன்று மீட்டர் போதுமானதாக இருக்கலாம். ஆனால் நோபல் பரிசு பெற்ற அறிவும்கூட, துருப்பிடித்த ஒரு போல்ட்டின் முன்னே செயலற்றுப்போகிறது. அந்தப் போல்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்ய ஒரு கை வேண்டும்.

அத்தகைய கைகள் நாடெங்கும் உள்ளன. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் கைகளும் அவற்றுள் அடங்கும். அவர்கள் செய்யும் வேலையின் பயன், அவர்கள் ஒருநாளும் காணாத மனிதர்களைச் சென்றடைகிறது. வேலை நன்றாக இருந்தால் ஒன்றும் நிகழ்வதில்லை. ஆகவே அதனை யாரும் கவனிப்பதும் இல்லை.

கோடை விடுமுறையில் தாத்தா பாட்டி வீட்டிற்குத் தொடர்வண்டியில் செல்லும் பிள்ளைகள், நிலையத்தில் வேறொரு வண்டி கடந்து செல்லும்போது அதன் கடைசிப் பெட்டியைக் கவனிக்கலாம். அதன் பின்புறத்தில் இரவில் ஒரு சிவப்பு விளக்கு மின்னிச் செல்லும். நிலையப் பணியாளர் அதனைப் பார்த்த பின்னரே, பெட்டி எதுவும் வழியில் கழன்றுவிடாமல் வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது என்று உறுதி செய்கிறார். உள்ளே உறங்கும் பயணிகள் எவருக்கும் அந்த விளக்குத் தெரியாது.

பயிற்சி

1. பின்விளக்கு யாருக்காக எரிகிறது? பாடத்தின் வழி விளக்குக.
2. "எரியாத விளக்குத்தான் நல்ல விளக்கா?" என்று மகள் கேட்டதன் காரணம் யாது?
3. சிவப்புப் பட்டைகளை மட்டும் ஒட்டி அனுப்பப் பட்டறைக்காரர் ஏன் இசையவில்லை?
4. உன் பெற்றோர் அல்லது அண்டை வீட்டார் செய்யும் வேலையால் அவர்கள் அறியாத யாரெல்லாம் பயன் பெறுகின்றனர்? பத்து வரிகளில் எழுதுக.