உரிக்காத தாள்

நண்பரின் பாய்மரப் படகில், கயிற்றைச் சுற்றிக் கட்டும் அலுமினியக் கொம்பு ஒன்று வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. கிளீட் என்பார்கள். உள்ளங்கை நீளம்தான். கழற்ற மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. எண்ணெய் விட்டோம், சூடு காட்டினோம், திருப்புளியின் தலையில் சுத்தியலால் தட்டினோம். கடைசியில் எவர்சில்வர் ஸ்குரூவைத் துளைபோட்டுத்தான் எடுக்க முடிந்தது. அரித்த அலுமினியத்தைவிட அதன் வெள்ளைப் பொடிக்கு இடம் அதிகம் வேண்டும். அது ஸ்குரூவைச் சுற்றி ஆப்பு அடித்த மாதிரி இறுகிக்கொள்கிறது.

பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். உப்பு செய்த வேலையை உப்புத்தாளால் அழிக்கும் பாக்கியம் தமிழனுக்குத்தான். இரும்பு பிரஷ் ஆகாது; அதன் துணுக்குகள் பதிந்து, அரிப்பு மறுபடி தொடங்கும். தேய்த்த அலுமினியம் காற்று பட்டதுமே தனக்கொரு மெல்லிய ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்ளும். தனியாக விட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் உலோகம். சேர்க்கைதான் சரியில்லை. எவர்சில்வரோடு ஒட்டி உட்கார்ந்து, நடுவில் கடல்தண்ணீரும் புகுந்தால் அது ஒரு பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். எனக்குச் சில பங்காளி வியாபாரங்கள் ஞாபகம் வரும்.

வைத்தியம் எளிது: இரண்டையும் தொடவிடக் கூடாது. அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு, ஸ்குரூ மரையில் கொஞ்சம் பசை.

இதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு சோம்பேறி என்பது என் கட்சி. 1761இல் பிரிட்டிஷ் கடற்படை, மரம் துளைக்கும் புழுவுக்குப் பயந்து, 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்தில் செம்புத் தகடு அடித்தது. மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய் வந்த கப்பலை 1763இல் சோதித்தால், பல இடங்களில் தகட்டைக் காணோம். செம்புக்கு ஒன்றுமில்லை, இரும்பாணிகள்தான் கூழாகிப் போயிருந்தன. ஆனால் சில ஆணிகள் மட்டும் திடமாக நின்றன. தகடுகள் பழுப்புத் தாள் சுற்றி வந்தவை. அங்கங்கே தாளை உரிக்காமலே ஆணி அடித்துவிட்டார்கள். ஆணிக்கும் செம்புக்கும் நடுவே அந்தத் தாள் காவல் இருந்தது. வோல்ட்டா மின்கலத்தை அறிவித்ததே 1800இல்தான்!

அந்த ஆளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பியிருப்பார். 'எவன் உரிச்சிக்கிட்டு கெடப்பான்' என்று அவன் பாஷையில் முனகியிருப்பான்.

எங்கள் வீட்டிலும் உரிக்காத ஒருவர் உண்டு. டிவி ரிமோட்டின் பாலிதீன் உறையை அப்பா இன்றுவரை கழற்றவிடவில்லை. எந்தப் பட்டனை அழுத்தினாலும் சரசரக்கும். எண்கள் மங்கலாகத் தெரியும். நான் கேலி செய்யாத நாளில்லை.

போன ஞாயிறு, கிளீட்டுக்கு அடியில் வைக்கப் பிளாஸ்டிக் தேடி, அவர் பரணில் சேர்த்துவைத்த ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஒன்றின் மூடியை வெட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலேயே வந்து நின்றார்.

"மூடிய வெட்டிட்டே. இனி டப்பாவ வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"