நினைவு தளரும் வேளையில்

சென்ற தவக்காலத்தில் பம்மலில் ஓர் அடக்கத் திருப்பலி நிறைவேற்றினோம். மறையுரையில், இறந்தவர் பெயருக்குப் பதிலாக, முன்வரிசையில் அமர்ந்திருந்த அவர் தம்பியின் பெயரைச் சொல்லிவிட்டோம், ஒருமுறையன்று, மும்முறை. கோயிலில் எழுந்த சலசலப்பின் காரணமும் விளங்கவில்லை. கல்லறைக்குச் செல்லும் வழியில் உபதேசியார் காதருகே சொன்ன பின்னரே உணர்ந்தோம்.

நமக்கு நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் வந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. கை நடுங்குவதைப் பங்கு மக்கள் அறிவர். மனம் தடுமாறுவதை நாம் மறைத்தே வந்தோம். 1817-இல் இந்நோயை விரித்தெழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், புலன்களும் அறிவும் பழுதுறுவதில்லை என்றே கருதினார். அக்கூற்றையே நாமும் பற்றிக்கொண்டிருந்தோம். இன்றைய மருத்துவமோ, கவனமும், திட்டமிடும் திறனும், சொல்லைத் தேடியெடுக்கும் விரைவும் பலருக்குத் தளரும் என்கிறது. இந்நோய்க்குத் தரப்படும் லெவோடோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து, 1937-இல் நம் சென்னையிலேயே தாமோதரன், இராமசாமி என்னும் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அம்மருந்து நம் கையை இளக்குகிறது. மனத்தடுமாற்றத்திற்கு அத்துணை உதவுவதில்லை.

ஆகவே சில ஒழுங்குகளை ஏற்றோம். ஒரு நேரத்தில் ஒரே வேலை, நடந்துகொண்டே பேசுவதில்லை. பெயர்களையும் திருப்பலிக் கருத்துகளையும் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிப் பீடத்தில் வைக்கிறோம். மாத்திரை குறித்த வேளையில், உணவுக்கு அரைமணி முன்பு. கணக்கும் முக்கிய முடிவுகளும் மனம் தெளிந்திருக்கும் காலையில் மட்டும். அதுவும் பங்குப்பேரவைப் பொருளாளர் உடனிருக்க. பல்லாவரம் சாலையில் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டோம்.

இவற்றைவிடக் கடினமானது வாய்திறந்து சொல்வது. அடக்கத்திற்கு மறுநாள் அவ்வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். இறந்தவரின் வயது முதிர்ந்த தாய் சொன்னார்: “பெத்த நானே பெரியவனைச் சின்னவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவதான், சாமி. அது போகட்டும். உடம்பு இப்படியிருக்குன்னு எங்ககிட்ட ஏன் சொல்லல?”

மன்னிப்போடு வந்த அக்கேள்வி நம்மைச் சுட்டது. நோயுற்றோரிடம் “மறைக்காதீர்கள், உதவி கேளுங்கள்” என்று ஆண்டுக்கணக்கில் கூறியவர் நாம். அடுத்த ஞாயிறன்று மக்கள்முன் உள்ளதைச் சொன்னோம்.

திருப்பலி ஆண்டவரின் நினைவாக நிறைவேற்றப்படுவது. நினைவு தளர்ந்தவன் அதை எவ்வாறு நிறைவேற்றுவான் என்று இரவுகளில் கலங்கியதுண்டு. குருமடத்தில் படித்து எழுதித் தேறிய பாடம் இப்போதுதான் புரிகிறது: அந்நினைவு ஒரு குருவின் தலைக்குள் மட்டும் காக்கப்படுவதன்று, திருச்சபை முழுவதும் கூடிக் காப்பது.

இப்போதும் நற்கருணை மன்றாட்டின் நடுவே சில வேளை நின்றுவிடுகிறோம். பீடச் சிறுவன் திருப்பலி நூலில் விட்ட வரிமேல் விரல் வைக்கிறான். மக்கள் பொறுமையோடு காத்திருக்கின்றனர். அவ்வரியிலிருந்து தொடர்கிறோம்.